மோட்டாருக்கும் மூக்கு உண்டு!

காரின் வேகத்தைக் கூட்ட ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் கை வைக்கும் இடம் எது தெரியுமா? காற்று வடிகட்டி. கடைக்காரர் பாஷையில் ஏர் பில்டர். கம்பெனி பொருத்திக் கொடுத்த காகித வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பளபளவென்று கூம்பு ஒன்றை வாங்கி வந்து மாட்டிவிடுகிறார்கள். தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே அந்தக் கூம்பு காற்றை உறிஞ்சும் சத்தம் நம் காதைத் தேடி வருகிறது.

ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வடிகட்டி எதற்காக இருக்கிறது என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். காற்றை உள்ளே விடுவதற்கு வெறும் குழாயே போதும். தூசியை வெளியே நிறுத்துவதற்குத்தான் வடிகட்டி!

என்ன தூசி?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். நாற்பது லிட்டர் பெட்ரோல் தீருவதற்குள் மோட்டார் மூன்றரை லட்சம் லிட்டர் காற்றைக் குடித்துவிடுகிறது.

அது கொடைக்கானல் காற்றா? இல்லை. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் நெடுங்காலம் கல் உடைத்த பிரதேசம் இது. இந்தக் குன்றுகளின் கல்லுக்கு 1893-ல் ஹாலந்து என்ற நிபுணர் 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். அதில் குவார்ட்ஸ் என்ற படிகம் இருக்கிறது. சிலிண்டர் சுவரின் இரும்பைவிட அது கடினமானது. இன்று குவாரிகளின் கதை பழசானாலும், எம்-சாண்ட் ஏற்றிய லாரிகளும், முளைத்துக்கொண்டே இருக்கும் அடுக்கு வீடுகளும் புழுதிக்குப் பஞ்சம் வைக்கவில்லை.

இந்தத் துகள் உள்ளே போனால் பிஸ்டன் வளையத்தையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். சேதம் அன்றைக்கே தெரியாது. பிற்பாடு ஆயில் குறையும். நீலப் புகை வரும். அப்போது வடிகட்டியின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது!

சக்தி கூடுமா?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடம் 2009-ல் ஒரு சோதனை செய்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாடுள்ள பெட்ரோல் கார்களில் வடிகட்டி நன்றாக அடைத்துக்கொண்ட போதும் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. வேகம் எடுப்பதில்தான் மந்தம் ஏற்பட்டது. ஆகவே மைலேஜுக்காகப் புது வடிகட்டி என்ற பேச்சு எடுபடாது. வேகத்துக்காக என்றால், அடைத்துப் போன காகிதத்தை மாற்றிப் புதுக் காகிதம் போட்டாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

கூம்பிலே இன்னொரு வேடிக்கை. திறந்தபடி பானெட்டுக்குள் வைத்தால் அது எஞ்சினின் சூட்டுக் காற்றையே குடிக்கிறது. காற்று பத்து டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். மே மாத வெயிலில், போக்குவரத்து நெரிசலில், லாபத்துக்கு வாங்கிய சாமான் நஷ்டக் கணக்கு எழுதுகிறது.

தண்ணீர் ஆபத்து

சூட்டுக்குப் பயந்து சிலர் காற்றுக் குழாயைப் பம்பருக்கு அருகே தாழ்வாக இறக்குகிறார்கள். குளிர்ந்த காற்று கிடைக்கும், உண்மைதான். ஆனால் 2015 டிசம்பர் முதல் தேதி இரவை மறக்கலாமா? ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று மெக்கானிக்குகள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

எதை வாங்கலாம்?

என் அபிப்பிராயம் இது. கம்பெனிப் பெட்டியைத் தொடாதீர்கள். அதன் காற்று வாய் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மாற்றியே தீர வேண்டுமானால், அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்காரும் தட்டை வடிகட்டியை வாங்குங்கள். ரப்பர் விளிம்பு இடைவெளியின்றிப் படிகிறதா என்று பாருங்கள். அங்கே சந்து இருந்தால் உசத்தி வடிகட்டியாலும் பிரயோஜனம் இல்லை.

கடைக்காரரிடம் 'எத்தனை குதிரைச் சக்தி கூடும்?' என்று கேட்காதீர்கள். 'ஐ.எஸ்.ஓ. 5011 சோதனையில் எவ்வளவு தூசியைப் பிடித்தது?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணப்பையை மூடிவிடலாம்.

எண்ணெய் தடவும் பருத்தி வடிகட்டியைக் கழுவித் திரும்பப் போடலாம் என்பது வாஸ்தவம். ஆனால் எண்ணெய் மிஞ்சினால், காற்றை அளக்கும் மெல்லிய சென்சாரில் படிந்து கோளாறு செய்யும். காகித வடிகட்டியோ மலிவு. புழுதி ரோட்டில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுவது உத்தமம். கம்ப்ரசர் காற்றால் பலமாக ஊதி ஊதிப் பழசையே போடுவது சிக்கனமல்ல. காகிதம் கிழிந்தால் பூனைக்குக் கதவு திறந்த கதைதான்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் காரின் நியாயம் வேறு. அதன் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்க்க ஆள் உண்டு, செலவுக்குப் பணமும் உண்டு. மாதத் தவணை கட்டி வாங்கிய காருக்கு அந்த யோகம் ஏது? லட்சம் கிலோமீட்டர் ஓடவும் வேண்டும், பந்தயக் கார் போல உறுமவும் வேண்டும் என்பது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதை. நம் பக்கத்துப் புழுதியில் கூழைக் காப்பாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.