சும்மாடு இருக்கும் தலையில் தொப்பி ஏறுமா?

மாடி வீடு எழும்புகிறது. மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து ஒரு செங்கல் நழுவுகிறது. எடை ஏறக்குறைய 3 கிலோ. 10 மீட்டர் இறங்கி வரும்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோ மீட்டர்! கீழே நிற்பவள் சித்தாள். அவள் தலையில் இருப்பது சும்மாடு. அதன்மேல் ஒரு சட்டி ஜல்லி.

மேற்பார்வைக்கு வரும் என்ஜினீயர் தொப்பி போட்டிருக்கிறார். அவர் நிற்பதோ பத்து நிமிடம். நாள் முழுவதும் நிற்பவளுக்குத் தொப்பி இல்லை. கொடுத்தாலும் எங்கே போடுவாள்?

பெண் 30 கிலோவுக்கு மேலும், ஆண் 55 கிலோவுக்கு மேலும் தனியாகத் தூக்கக்கூடாது என்று 1998-ம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி செய்தது. அது மட்டும் போதாது. சுமையே தலையை விட்டு இறங்க வேண்டும். கயிறும் கப்பியும் கிணற்றடியில்கூட உண்டே! ஆள் நிற்காத பக்கமாகக் கப்பி போட்டு ஏற்றட்டும். பிறகு தொப்பி கொடுக்கட்டும்.

இன்னொன்று. அடிபட்டவர் எழுந்து சோடா குடித்துவிட்டால், "ஒன்றுமில்லை, வீட்டில் போய்ப் படு" என்கிறார் மேஸ்திரி. இது பெரிய தவறு. மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசியலாம். சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் மயக்கமும் வரும். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அன்றையக் கூலியையும் பிடிக்கக்கூடாது.