சிறு நல்கைகளின் பெறுமதி

ஆய்வுக்கான நிதி என்றதும் கோடிகளில் எண்ணப் பழகிவிட்ட காலம் இது. இச்சூழலில் இங்கிலாந்தின் பொருளாதார வரலாற்றுக் கழகம் வழங்கிவரும் சிறு ஆய்வு நல்கைகளைப் பற்றி நாம் சற்று யோசித்துப் பார்க்கலாம். 1926இல் ஐலீன் பவர், ஆர். எச். டானி போன்ற அறிஞர்களின் முயற்சியால் உருவான கழகம் இது. இதன் சிறு நல்கைத் திட்டம் பிரான்செஸ்கா கார்னெவாலியின் பெயரைத் தாங்கியது. பர்மிங்ஹாம் நகைத் தொழிலைப் பற்றி எழுதியவர் அவர். சிறு நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் இருந்த உறவை நான்கு ஐரோப்பிய நாடுகளில் ஒப்பிட்டு 2005இல் ஒரு நூலையும் வெளியிட்டவர். சிறியவற்றை ஆராய்ந்தவரின் பெயர் சிறு நல்கைக்கு அமைந்தது மிகப் பொருத்தமே.

சில ஆயிரம் பவுண்டுகளால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ரயில் கட்டணம், சில வாரங்களுக்கு ஓர் அறை, ஆவணங்களைப் படமெடுக்கும் செலவு ஆகியவை கிடைத்துவிட்டால் வரலாற்றாய்வாளரின் பணி பெரும்பாலும் தொடங்கிவிடும். ஐலீன் பவர் 1924இல் எழுதிய 'இடைக்கால மக்கள்' நூலின் முதல் நாயகன் போடோ என்னும் குடியானவன். ஒன்பதாம் நூற்றாண்டில் பாரீஸ் அருகே ஒரு மடாலயத்தின் நிலப் பதிவேடு, அவனையும் அவன் மனைவி எர்மென்ட்ரூடையும் மூன்று குழந்தைகளையும் சில வரிகளில் குறித்து வைத்திருந்தது. அந்தப் பதிவேட்டிலிருந்தே ஒரு குடும்பத்தின் அன்றாடத்தை அவர் மீட்டெடுத்தார். பேரரசர்கள் வரலாற்றில் எப்படியும் இடம்பிடித்துவிடுவார்கள். போடோக்களுக்கோ யாரேனும் ஒருவர் பதிவேட்டின் முன் பொறுமையாக அமர வேண்டியிருக்கிறது.

பெரும் நல்கைகள் தேவையற்றவை என்பதல்ல நம் வாதம். ஆனால் அவை குழுவைக் கேட்கின்றன, காலஅட்டவணையைக் கேட்கின்றன, முடிவுகளை முன்கூட்டியே கேட்கின்றன. இதுவரை யாரும் பிரித்துப் பார்க்காத ஒரு கட்டுக்குள் என்ன இருக்கும் என்று எவர் வாக்களிக்க முடியும்? வெறுங்கையுடன் திரும்பும் உரிமை ஆய்வாளருக்கு வேண்டும். இழப்பு சிறியது என்பதால் சிறு நல்கையால் அந்த உரிமையைத் தர இயலும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சிறு நல்கை பயணத்துக்குப் போதும், வாழ்க்கைக்குப் போதாது. நிரந்தரப் பணியில் இருப்பவர் விடுமுறையில் ஆவணக்காப்பகம் சென்று வருவார். தற்காலிக விரிவுரையாளரோ அந்த வாரங்களின் வருமானத்தை இழந்தே செல்ல வேண்டும். ஆகவே இத்தகைய நல்கைகளில் நிலையான பணியற்றவர்களுக்கே முன்னுரிமை வேண்டும். பயணச் செலவோடு அவர்களது நேரத்துக்கும் ஒரு சிறு தொகை சேர வேண்டும் என்பது நம் கருத்து. 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்ற அறிக்கையையும் மதித்துப் பாதுகாத்தல் நலம். அடுத்து வருபவருக்கு அது வழிகாட்டும்.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இவற்றை விளக்கத் தேவையில்லை. 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' பெருமுதலீட்டில் நடந்த இதழ் அன்று. ஆனால் புதுக்கவிதை காலூன்ற அதுவே இடமளித்தது. சிறு தொகை பெருங்காரியம் செய்யும் என்று நாம் சொல்ல வரவில்லை. யாரிடமும் முன்அனுமதி பெறாத ஒரு கேள்வியைச் சிறிது காலம் உயிரோடு வைத்திருக்கும், அது போதும்.