மெட்டு இனிக்கட்டும், பெயர் மறைய வேண்டாம்

ராப் என்றால் கோபம்தான், மெட்டு சேர்ந்தால் அது நீர்த்துவிடும் என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் ராப்பை ஆராய்ந்து கேட்பவன் அல்ல. ஃப்ளோ, பார்ஸ் என்று நண்பர்கள் விவாதிக்கும்போது பாதி புரியாது. சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஓடுவதைக் கேட்பவன். பால் டப்பாவின் 'காத்து மேல' வந்தால் காலால் தாளம் போடுவேன், அவ்வளவுதான்.

ஒடுக்கப்பட்டவர்களின் கலை எப்போதும் ஆவேசமாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகைக் கட்டுப்பாடுதான். காதலும் கேலியும் கொண்டாட்டமும் மற்றவர்களுக்கு, நமக்குக் கோபம் மட்டுமா? வடசென்னையின் கானா சாவு வீட்டிலும் ஒலிக்கும், கல்யாண வீட்டிலும் ஒலிக்கும். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற' என்ற சிந்தனையிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', 2018 ஜனவரியில் சென்னையில் தன் முதல் கச்சேரியை நடத்தியது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் சேர்ந்தன. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பற்றி ஆடிக்கொண்டே பேச முடியும் என்று அந்தக் குழு காட்டியது.

எங்கள் பஸ்ஸில் எல்லாச் சாதியினரும் ஏறுகிறார்கள். சாதிப் பெருமைப் பாட்டுகளும் அதே ஸ்பீக்கரில் ஒலிக்கின்றன. அவற்றின் மெட்டும் நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் சின்னப் பையன்கள் வாயில் ஒட்டிக்கொள்கின்றன. மெட்டு வேண்டாம் என்று நாம் ஒதுங்கினால் அந்த ஸ்பீக்கரை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தவர்கள் ஆவோம்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இங்கே திரும்பியவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் பேசி, 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவு செய்தன. இதை மேடை போட்டுப் பேசினால் வேலை முடிந்து களைத்து வருபவர் எத்தனை பேர் நின்று கேட்பார்கள்? பாட்டாக வந்தபோது பஸ்ஸே சேர்ந்து பாடியது.

ஒருநாள் பக்கத்து சீட்டு அண்ணன், "இது விவசாயப் பாட்டா தம்பி?" என்று கேட்டார். நிலத்தில் பாடுபட்டும் நிலம் கிடைக்காதவர்களின் பாட்டு என்றேன். "அப்போ நம்ம கும்மிடிப்பூண்டி முகாம்ல இருக்கிறவங்களா?" என்றார். முகாம் போர்க்காலத்தில் உண்டானது, இவர்கள் அதற்கு முன்பே குடியுரிமை பறிக்கப்பட்டு அனுப்பப்பட்டவர்கள் என்று விளக்கினேன். இறங்கும்வரை அதே பேச்சு. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது ஒரு இனிமையான மெட்டு.

ஆனால் பாட்டு வெகுஜனத்திடம் போகும்போது வேறொரு ஆபத்து வருகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். 'என்ஜாய் எஞ்சாமி'யை எழுதிப் பாடியவரும் 'நீயே ஒளி'யின் பாடலாசிரியருமான அறிவு அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார், கண்டனம் பரவியது. அதன் பிறகே அறிவின் படத்தோடு டிஜிட்டல் அட்டை வந்தது.

அறிவை அட்டையிலிருந்து மறைத்தது மெட்டு அல்ல. உழைப்பை எடுத்துக்கொண்டு உழைத்தவரைத் தள்ளி நிறுத்துவது இந்தச் சமூகத்தின் பழைய வழக்கம். விளைந்த நெல்லுக்கு நடந்ததுதான் பாட்டுக்கும் நடக்கிறது. அதனால் கலைஞரைப் பார்த்து 'ஏன் இனிமையாகப் பாடினாய்' என்று கேட்பதை விட, பத்திரிகைகளையும் நிறுவனங்களையும் விழாக் குழுக்களையும் பார்த்து 'எழுதியவர் எங்கே' என்று கேட்பதே நம் வேலை.

என்னைப் போல் சும்மா கேட்பவர்களாலும் இதைச் செய்ய முடியும். பிடித்த பாட்டை ஆசைதீரக் கேளுங்கள், ஆடுங்கள். ஸ்டேட்டஸில் வைக்கும்போது எழுதியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் பாட்டைப் பற்றிக் கேட்டால், தெரிந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.