இருட்டறையில் எண்ணியவர்கள்

பள்ளியில் அறிவியல் படித்த எவரும் ‘ரூதர்ஃபோர்டின் தங்கத்தகடு சோதனை’யைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்திருப்பார்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி. அணுவுக்கு நடுவே கரு இருக்கிறது என்று உலகுக்குச் சொன்ன சோதனை. ஆனால் அந்தச் சோதனையின் முன்னால் உட்கார்ந்து கண் வலிக்க வலிக்க வேலை பார்த்தவர் ரூதர்ஃபோர்ட் அல்ல.

1909, மான்செஸ்டர் பல்கலைக்கழகம். ஹான்ஸ் கெய்கர் ஜெர்மனியிலிருந்து வந்த இளம் ஆய்வாளர். அவருக்குத் துணையாகச் சேர்க்கப்பட்ட எர்னெஸ்ட் மார்ஸ்டனுக்கு இருபது வயது. பட்டம்கூட இன்னும் கையில் வரவில்லை. ஆல்ஃபா துகள்கள் உலோகத் தகட்டில் மோதித் திரும்பி வருகின்றனவா, பார் என்று ரூதர்ஃபோர்ட் பையனிடம் வேலையைக் கொடுத்தார். திரும்பி வரும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

பார்ப்பது எப்படி? துத்தநாக சல்பைடு பூசிய சிறு திரையில் ஆல்ஃபா துகள் ஒன்று விழுந்தால் கண நேரம் ஒரு பொட்டு ஒளி மின்னும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அதை எண்ண வேண்டும். மின்னல் அத்தனை மங்கல். அதனால் முதலில் இருட்டறையில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 90 மின்னல்களுக்கு மேல் போனால் எண்ணிக்கை தப்பும். மிகக் குறைவாக வந்தாலோ கவனம் தப்பும். ரூதர்ஃபோர்டுக்கு இந்தப் பொறுமை கிடையாது. இரண்டே நிமிடத்தில் திட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டதாகவும், இந்த வேலையில் கெய்கர் ஓர் அசுரன் என்றும் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்.

பாடப்புத்தகத்தில் தகட்டைச் சுற்றி வளையமாகத் திரை இருக்குமே, 1909இன் ஏற்பாடு அப்படிப்பட்டதல்ல. துகள் வெளிப்படும் கண்ணாடிக் குழாயும் திரையும் தகட்டுக்கு ஒரே பக்கத்தில் இருந்தன. நேராகத் திரைக்குப் போய்விடாதபடி நடுவில் ஓர் ஈயத் தட்டு. ஆக, திரையில் ஏதாவது மின்னினால் அது தகட்டில் பட்டுத் திரும்பியதாகத்தான் இருக்க வேண்டும். மின்னியது. தங்கம் மட்டுமல்ல, ஈயம், பிளாட்டினம், வெள்ளி, செம்பு, அலுமினியம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கனமான அணு என்றால் கூடுதலாகத் திரும்பியது. பிளாட்டினத்தில் சுமார் 8,000 துகள்களில் ஒன்று.

அப்போது வழக்கில் இருந்த அணு, ஜே.ஜே. தாம்சனுடையது. 1897இல் எலக்ட்ரானைக் கண்டறிந்தவர், ரூதர்ஃபோர்டின் ஆசிரியரும்கூட. தர்ப்பூசணியில் விதை மாதிரி எலக்ட்ரான்கள் பதிந்து கிடக்கின்றன என்று அவர் சொன்னதாக நாம் படிக்கிறோம். படித்துவிட்டு, பாவம், தெரியாமல் சொல்லிவிட்டார் என்று கடந்துபோகிறோம். இது அநியாயம். 1904இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் பழமும் இல்லை, விதையும் இல்லை. நேர்மின்னூட்டம் நிரம்பிய ஒரு கோளத்துக்குள் எலக்ட்ரான்கள் வளையம் வளையமாகச் சுற்றுகின்றன. ஒரு வளையத்தில் எத்தனை இருந்தால் அணு குலையாமல் நிற்கும் என்று அவர் கணக்குப் போட்டார். தனிமங்களின் ஆவர்த்தன வரிசைக்கு அதிலிருந்து காரணம் கிடைக்குமா என்றும் தேடினார். வேதியியலை அணுவின் உள்ளமைப்பிலிருந்து விளக்கப் பார்த்த அந்த முயற்சிக்கு, தேர்வுத் தாளில் ‘குறைபாடுகள் இரண்டு எழுதுக’ என்பதைவிட நல்ல மரியாதை கிடைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் பரவிக் கிடக்கும் மின்னூட்டத்தால் வேகமான ஆல்ஃபா துகளைத் திருப்பியடிக்க முடியாது. இந்தப் புதிரை அவிழ்க்க ரூதர்ஃபோர்டுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. 1911இல் அவர் வெளியிட்ட விடை: மின்னூட்டமும் ஏறக்குறைய முழு நிறையும் அணுவின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நடு இடத்தில் குவிந்திருக்கின்றன. அந்த மின்னூட்டம் நேரா, எதிரா என்பதைக்கூட அந்தக் கட்டுரை உறுதியாகச் சொல்லவில்லை. கணக்கு இரண்டுக்கும் ஒன்றாகவே வந்தது. உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவும் இல்லை. காரணம் இருந்தது. சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை ஒளியாக இழந்துகொண்டே போய்க் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கருவில் விழுந்தாக வேண்டும் என்றது அன்றைய இயற்பியல். தாம்சனின் அணுவாவது நின்றது. இது நிற்கவே நிற்காது.

1913இல் நீல்ஸ் போர் அதற்கு ஒரு துணிச்சலான முட்டுக் கொடுத்தார். சில பாதைகளில் சுற்றும்போது எலக்ட்ரான் ஆற்றலை இழக்காது, அவ்வளவுதான் என்றார். ஹைட்ரஜனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது, ஹீலியத்துக்கே தடுமாறியது. 1920களில் குவாண்டம் இயக்கவியல் அந்தப் பாதைகளையும் அழித்துவிட்டது. கரு மட்டும் அசையவில்லை.

அசையாததற்குக் காரணம் அதே 1913இல் கெய்கரும் மார்ஸ்டனும் மறுபடி இருட்டறைக்குள் போனதுதான். கோணத்தோடு, தகட்டின் தடிமனோடு, துகளின் வேகத்தோடு எண்ணிக்கை எப்படி மாறும் என்று ரூதர்ஃபோர்டின் சூத்திரம் சொன்னதோ, அதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அதற்காக அவர்கள் எண்ணிய மின்னல்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இந்த ஆண்டை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், அணுக்கருவின் பிறந்த ஆண்டு 1911 அல்ல, 1913தான்.

அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வந்தது. கெய்கர் ஜெர்மன் பீரங்கிப் படையில். மார்ஸ்டன் பிரான்சில், எதிர்த் தரப்பில். இருவரும் பிழைத்தார்கள். 1928இல் கெய்கர், வால்தர் முல்லரோடு சேர்ந்து செய்த கருவி, கண்ணுக்கு அந்த வேலையே இல்லாமல் செய்துவிட்டது. கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் கருவி என்று அவர் பெயராவது நிலைத்தது. நியூசிலாந்தில் பேராசிரியராகவும் அறிவியல் நிர்வாகியாகவும் இருந்த மார்ஸ்டன் 1970இல் இறந்தார். அவரை யாருக்குத் தெரியும்?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தால், முதல் வரியிலேயே கெய்கர், மார்ஸ்டன் பெயர்களையும் எழுதச் சொல்லுங்கள். எந்த ஆசிரியரும் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கப்போவதில்லை.