மலைமுகட்டில் முடியும் வரைபடம்

வரைபடமும் ஒரு பிரதிதான். அது யாருடைய வாசிப்புக்காக எழுதப்பட்டது என்பதே நம் கேள்வி.

2015-16இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, முதன்முறையாக நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் தனித்தனியே புள்ளிவிவரம் தந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் அதைக்கொண்டு வரையப்படும் இணைய வரைபடத்தில் தேனி மாவட்டம் முழுமைக்கும் இரத்தசோகைக்கு ஒரே எண், ஒரே வண்ணம். கம்பத்து நெல்வயலும் மேகமலைத் தேயிலைக் குடியிருப்பும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலைசெய்து மாலையில் திரும்பும் பெண்ணின் உடல்நலம் இரு மாநிலங்களைச் சார்ந்தது. வரைபடமோ அவளை ஊரோடு நிறுத்திவிடுகிறது.

மாதிரிக் கணக்கெடுப்பு ஊர்வாரியாகப் பேச இயலாது என்பதை அறிவோம். ஆனால் கருவுற்ற பெண்களின் இரத்த அளவு கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது. 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ காலரா மரணங்களைத் தெருவாரியாகக் குறித்ததால்தான் அவரது வரைபடம் ஒரு குடிநீர்க் குழாயைச் சுட்டிக்காட்ட முடிந்தது.

வண்ணங்களை மாற்றுவது சீரமைப்பு ஆகாது. பெயர்களை மறைத்து, துணை சுகாதார நிலைய அளவில், எல்லைக்கு அப்பாலும் நீளும் வரைபடமே வேண்டும். அதை வரையுமுன் அந்தச் செவிலியரிடம் முதலில் கேளுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.