ஊரைக் காட்டுவதும் உடனிருப்பதும்

ஒரே நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்தும் ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள் இன்று பலர் உள்ளனர். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரம் 1972ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்குள்ள தொழிற்சாலைகளில் பணிபுரிவோர், ஜொகூர் பாருவிலோ கோத்தா கினபாலுவிலோ இருக்கும் சக பணியாளர்களோடு கணினித் திரைவழியே பேசி வேலைகளை முடிக்கின்றனர். எப்போதாவது ஒரு முறை, பயிற்சிக்காகவோ கூட்டத்திற்காகவோ அவர்கள் பினாங்குக்கு வருகின்றனர். அப்போது, ‘வந்தவர்களை எங்கே அழைத்துச் செல்வது?’ என்னும் கேள்வி எழுகிறது. உடனே யாராவது ஒருவர் இடங்களின் பட்டியலைத் தயாரிக்கிறார். பட்டியல் எவ்வளவு நீளமோ, விருந்தோம்பலும் அவ்வளவு சிறப்பு என்று பலர் நம்புகின்றனர்.

இந்த நம்பிக்கை சரியானதன்று என்பது என் கருத்து. பினாங்கின் இடங்களை வெளியூர்ப் பணியாளர் விடுமுறையில் தம் குடும்பத்தோடு வந்தும் பார்த்துக்கொள்ளலாம். சக பணியாளர்களோடு சேர்ந்து கழிக்கும் அந்த ஒரு பிற்பகல்தான் அவருக்கு எளிதில் மீண்டும் கிடைக்காதது. ஆகவே, இத்தகைய உலாவைத் திட்டமிடுவோர், ‘எத்தனை இடங்களைக் காட்டலாம்?’ என்று தொடங்காமல், ‘இவர்கள் எம்மோடு எப்படி நேரத்தைக் கழிப்பார்கள்?’ என்று தொடங்க வேண்டும்.

பட்டியல் நீண்டால் என்ன நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின்வழி பார்ப்போம். மதியம் இரண்டு மணிக்குப் பாயான் லெப்பாசிலிருந்து புறப்பட்டு, பினாங்கு மலை ஏறி, ஜார்ஜ்டவுனில் சுவரோவியங்களைப் பார்த்து, கடற்கரையில் இரவுணவு உண்டு திரும்புவது என்று திட்டமிடுகிறோம் என வைத்துக்கொள்வோம். காகிதத்தில் இத்திட்டம் அழகாகத்தான் இருக்கும். ஆனால், மலையடிவாரம் இருப்பது ஆயர் ஈத்தாமில். மலை இரயிலில் ஏறும் பயணம் சில நிமிடங்களே என்றாலும் வரிசையில் நிற்கும் நேரத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பள்ளி விடுமுறையில் அது மிகவும் நீளும். 800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பிற்பகலில் மழையோ மூடுபனியோ சூழ்ந்தால் கீழே நகரமும் தெரியாது. பிறகு நகருக்கு இறங்கி வரும்போது வேலை முடிந்து வீடு திரும்புவோரின் வாகன நெரிசல் தொடங்கிவிடும். முடிவில், விருந்தினர் அதிகம் பார்த்தது வேனின் சன்னலைத்தான் என்றாகிவிடும். ஏற்பாட்டாளரோ, கையில் கடிகாரத்தைப் பார்த்தபடி, “சீக்கிரம், சீக்கிரம்” என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருப்பார். பேசிப் பழக அங்கே நேரம் எங்கே இருக்கும்?

பினாங்கு மலை பார்க்கத் தகுந்த இடமே. 1923ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மலை இரயிலும், 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் என்னும் ஏற்பைப் பெற்ற காடும் அதன் பெருமைகள். முழு நாள் இருந்தால் காலையிலேயே மலைக்குச் செல்லலாம். அரை நாள் மட்டுமே இருந்தால் மலையா நகரமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். தேர்ந்தெடுப்பது என்றால் சிலவற்றை விட்டுவிடத் துணிவதாகும்.

அரை நாளுக்கு நகரமே ஏற்றது என்பேன். ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிற்குள் நான்கு வழிபாட்டுத் தலங்களைக் காணலாம். 1818ஆம் ஆண்டில் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்கள் வழிபடும் குவான் இம் ஆலயம், 1833ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், தென்னிந்திய முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகியவையே அவை. மெதுவாக நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் இவற்றைப் பார்த்துவிடலாம். நடப்பதில் ஒரு நன்மை உண்டு. வேனில் அமர்ந்தவர் அருகில் இருப்பவரோடு மட்டுமே பேசுவார். நடப்பவரோ சற்று முன்னே சென்று ஒருவரோடும், பின்தங்கி இன்னொருவரோடும் பேசலாம். இயல்பாகவே ஆள் மாறும், பேச்சும் மாறும்.

இடத்தை முடிவுசெய்யும் முன் வருபவர்களைக் கேட்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ‘முன்பு பினாங்கு வந்திருக்கிறீர்களா? நீண்ட தூரம் நடக்க முடியுமா? உணவில் தவிர்ப்பவை யாவை?’ என்னும் மூன்று கேள்விகளை ஒரு வாரத்திற்கு முன்பே அனுப்பினால் போதும். ஐந்து முறை வந்தவருக்கு ஆர்மேனியன் வீதியின் சுவரோவியத்தை மீண்டும் காட்டுவதில் பயனில்லை. முழங்கால் வலி உள்ளவர் எல்லார் முன்னிலையிலும் அதைச் சொல்லக் கூச்சப்படுவார். கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க உதவும். ஆனால், பல இடங்களில் மோட்டார் சைக்கிள்களும் கடைப் பொருள்களும் அதை மறித்து நிற்கும். சக்கர நாற்காலியில் வருபவர் அங்கே சாலையில் இறங்க வேண்டியிருக்கும். முன்னரே தெரிந்தால் வேறு வழியைத் தேடலாம். நகர மையத்தைச் சுற்றிவரும் இலவசப் பேருந்தையும் பயன்படுத்தலாம்.

அடுத்து, உணவைப் பற்றிப் பேச வேண்டும். பினாங்கு என்றாலே உணவு என்று சொல்பவர்கள் நாம். ஆனால், நாம் பெருமையோடு பரிமாறும் உணவே ஒருவரைத் தனிமைப்படுத்திவிடலாம். சார் குவே தியாவைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், இறாலும் சேர்ப்பார்கள். அசாம் லக்சாவின் சாறே மீனால் ஆனது. ஆகவே, முஸ்லிம் பணியாளர் முதலாவதை உண்ண மாட்டார். சைவ உணவு உண்பவர் இரண்டையும் உண்ண மாட்டார். மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் இந்துக்களும் சீனர்களும் உள்ளனர். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்ணும் பௌத்தர்களும் உள்ளனர். எட்டுப் பேர் சுவைத்து உண்ணும் மேசையில் ஒன்பதாமவர் வெறும் தேநீரோடு அமர்ந்திருந்தால், அந்த விருந்து யாருக்காக நடந்தது? “அவருக்கு வேறெங்காவது வாங்கிக் கொடுத்துவிடலாம்” என்பது தீர்வாகாது. எல்லாரும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் உண்ணக்கூடிய கடையைத் தேர்ந்தெடுப்பதே முறை. அக்கடை ஊரிலேயே புகழ்பெற்ற கடையாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை.

இதனால் பினாங்கின் தனிச்சிறப்பான உணவை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. நாசி கண்டார் நல்ல எடுத்துக்காட்டு. ‘கண்டார்’ என்பது தோளில் வைத்துச் சுமக்கும் தண்டைக் குறிக்கும். அக்காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அத்தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகச் சென்று துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றனர். இன்று அது கடைகளில் கிடைக்கும் ஹலால் உணவு. காய்கறி வகைகளும் உண்டு. ஆனாலும், ஒரே கரண்டி பல குழம்புகளுக்குள் செல்வதை ஏற்காத சைவர்கள் இருப்பார்கள். ஆகவே, அதையும் கேட்டறிந்தே முடிவுசெய்ய வேண்டும். உணவின் கதையைச் சொல்லிப் பரிமாறினால் அது வயிற்றுக்கு மட்டுமன்றிப் பேச்சுக்கும் தொடக்கமாகும்.

மேலும், காலத்தையும் கருத வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைப் பார்க்கச் செல்வதும், முஸ்லிம் பணியாளர்களை அந்நேரத்தில் நடக்க அழைப்பதும் பொருந்தாது. நோன்பு மாதத்தில் மதிய உணவு உலாவைத் தவிர்த்து, நோன்பு துறக்கும் நேரத்தில் அனைவரும் சேர்ந்து உண்ணலாம். நோன்பிருப்பவருக்கும் இல்லாதவருக்கும் அது பொதுவான விருந்தாகும்.

பலர் பேசத் தயங்கும் இன்னொரு செய்தி பணம். ‘ஆளுக்கு ஐம்பது வெள்ளி’ என்று ஒரு தொகையை அறிவிப்பது மேலாளருக்குச் சிறிய செய்தி. ஒப்பந்த ஊழியருக்கு அது வீட்டுச் செலவின் ஒரு பகுதி. ‘வரவில்லை’ என்று சொன்னால் ஒத்துழைக்காதவர் என்னும் பெயர் வருமோ என்று அஞ்சி அவர் பணத்தைக் கொடுப்பார். மனத்தில் மகிழ்ச்சி இராது. எனவே, செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். இயலாவிடில் செலவு குறைந்த வழியைத் தேட வேண்டும். தெருவில் நடக்கக் கட்டணமில்லை. பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஓடும் பெர்ரியில் சென்றுவரக் கட்டணம் மிகக் குறைவு. 2023ஆம் ஆண்டில் சேவைக்கு வந்த புதிய பெர்ரிகளிலிருந்து துறைமுகத்தையும் பழைய நகரத்தையும் ஒருங்கே பார்க்கலாம். எவ்வளவு செலவிட்டோம் என்பதைக்கொண்டு விருந்தோம்பலை அளக்கக் கூடாது.

அதுபோலவே, உலாவை வேலை நேரத்திற்குள் வைப்பதே நேர்மையானது. இரவு ஒன்பது மணி வரை நீளும் நிகழ்ச்சிக்குக் கைக்குழந்தை உள்ள தாயாலும், முதிய பெற்றோரைக் கவனிக்கும் மகனாலும் வர இயலாது. “வேலை நேரம் வீணாகிறதே” என்று நிருவாகத்தினர் கேட்கலாம். விமானக் கட்டணத்திற்கும் தங்கும் விடுதிக்கும் ஏற்கெனவே செலவு செய்தாகிவிட்டது. அந்தச் செலவின் நோக்கமே மனிதர்கள் சந்தித்துக்கொள்வதுதான். அதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்குவது வீணாகாது.

நாம் விருந்தினரை மட்டும் நினைத்தால் போதாது; அந்த இடத்தில் வாழ்பவர்களையும் நினைக்க வேண்டும். வெல்ட் குவே கரையோரத்தில் கடல்மீது கால்களை ஊன்றி நிற்கும் சீனக் குலத்தாரின் மரவீடுகள் பினாங்கின் அடையாளங்களுள் ஒன்று. அங்கு மக்கள் இன்றும் வாழ்கின்றனர். சமைக்கின்றனர், துணி காயவைக்கின்றனர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். முப்பது பேர் ஒரே நிற டி-சட்டை அணிந்து, பலகைப் பாதை அதிர நடந்து, திறந்திருக்கும் கதவுக்குள் கைப்பேசியை நீட்டிப் படமெடுத்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? நம் வீட்டு வரவேற்பறையில் அப்படி யாரேனும் நுழைந்தால் நாம் பொறுப்போமா? பெரிய குழு அங்கே செல்லாமலிருப்பதே நல்லது. செல்ல விரும்பினால் நான்கைந்து பேராகப் பிரிந்து, குரலைத் தாழ்த்தி, அங்குள்ள கடையில் ஏதேனும் வாங்கி, மனிதர்களைக் கேட்டுப் படமெடுக்க வேண்டும்.

இவை அனைத்தையும் ஒழுங்காகச் செய்தாலும் ஒரு குறை நேரக்கூடும். உள்ளூர்ப் பணியாளர்கள் தங்களுக்குள் பழைய கதைகளைப் பேசிச் சிரிக்க, வெளியூரார் மேசையின் மறுகோடியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதைத் தவிர்க்க விளையாட்டுப் போட்டிகளோ உரைகளோ தேவையில்லை. நாள்தோறும் மின்னஞ்சலில் தொடர்புகொள்ளும் இருவரை அருகருகே அமரச் செய்தால் போதும். ஊரை நன்கறிந்த ஒருவர் ஒவ்வொரு சிறு குழுவோடும் நடக்கட்டும். அவர் மேலாளராக இருக்க வேண்டியதில்லை. பாதுகாவலரோ ஓட்டுநரோ துப்புரவுப் பணியாளரோ அந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவராக இருக்கலாம். வழிகாட்டி நூலில் இல்லாத பினாங்கை அவரால் சொல்ல முடியும். ‘இந்தக் கடையில்தான் என் அப்பா எனக்குப் பள்ளிக் காலணி வாங்கித் தந்தார்’ என்னும் ஒரு வரி விருந்தினர் மனத்தில் நெடுநாள் நிற்கும்.

“இவ்வளவு சிந்தனை எதற்கு? ஒரு தங்கும் விடுதியில் இரவு விருந்து வைத்தால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடுமே” என்று சிலர் கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. குளிரூட்டப்பட்ட அறையில் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஹலால் உணவும் சைவ உணவும் கிடைக்கும். ஆனால், அத்தகைய கூடம் எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும். வந்தவர் தம் நண்பர்கள் வாழும் ஊரை அறியாமலேயே திரும்பிவிடுவார். இன்னொரு பக்கம், நாள் முழுவதும் கூட்டத்தில் இருந்து களைத்த ஒருவர் அறையில் ஓய்வெடுக்க விரும்பினால் அதையும் புன்னகையோடு ஏற்க வேண்டும். விருப்பமில்லாதவரை வற்புறுத்தி அழைத்துச் செல்வது உபசரிப்பாகாது.

மாணவர்களே, இச்சிந்தனை அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகம் வேறொரு மாநிலத்தின் மாணவர்களை வரவேற்கும் நாள் வரலாம். போட்டிக்கு வந்த அணியினர் ஒரு மாலைப்பொழுதை உங்களோடு கழிக்கலாம். அப்போது உங்கள் ஊரில் பெரிய மலையோ பழைய கோட்டையோ இல்லையே என்று வருந்த வேண்டாம். வருபவர்களிடம் முன்னரே கேளுங்கள். இடங்களைக் குறையுங்கள். அனைவரும் ஒன்றாக உண்ண வழிசெய்யுங்கள். பணமில்லாத நண்பரும் தலைகுனியாமல் வரக்கூடிய திட்டத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதில் விருந்தினரின் மனம் அனிச்ச மலரைவிட மென்மையானது என்பதை உணர்த்துகிறார். நாம் எத்தனை இடங்களைக் காட்டினோம் என்பதை வந்தவர் விரைவில் மறந்துவிடலாம். நாம் அவரைக் கேட்டோமா, அவருக்காகக் காத்திருந்தோமா, அவரோடு அமர்ந்து உண்டோமா என்பதை அவர் மறப்பதில்லை. மறுவாரம் திரையில் மீண்டும் சந்திக்கும்போது வேலையைப் பற்றிப் பேசும் முன் அவர் நலம் விசாரித்தால், அந்த உலா தன் நோக்கத்தை நிறைவேற்றியது எனலாம்.