தஞ்சாவூர் கொடுத்த இரண்டு துறைமுகங்கள்

மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் தஞ்சாவூர், திருச்சி கார்கள் கிழக்கே திரும்புகின்றன. கும்பகோணம், மயிலாடுதுறை, தரங்கம்பாடி. கோட்டை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, நண்டலாற்றைத் தாண்டிக் காரைக்கால். அங்கே மது விலை குறைவு, வகைகளும் அதிகம். பலருக்குப் பயணத்தின் நோக்கமே அதுதான். டேனிஷ் கோட்டைக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது.

இந்த வழியில் பார்க்கிற கோட்டையும் கடக்கிற எல்லையும் தஞ்சாவூர் அரண்மனை எடுத்த முடிவுகளிலிருந்து வந்தவை. காரில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

முதல் முடிவு தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கருடையது. இலங்கையில் வணிகத்துக்கு வழி தேடி வந்த டேனிஷ்காரர்களுக்கு அங்கே காரியம் கைகூடவில்லை. முன்னே வந்த கிராப்பே என்பவரின் கப்பலைப் போர்த்துகீசியர் அழித்துவிட, அவர் உயிர் தப்பித் தஞ்சாவூர் அரசவையில் வந்து நின்றார். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் ஊன்றிவிட்ட காலம் அது. கடற்கரையில் இன்னொரு வாங்குபவர் இருந்தால் நல்லது என்று நாயக்கர் கருதியிருக்க வேண்டும். 1620 நவம்பரில் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குத் தரும் ஒப்பந்தம் ஆயிற்று. டேனிஷ் கப்பல்களின் தலைவர் ஓவே கெட்டே அங்கே கோட்டை வேலையைத் தொடங்கினார். டேனிஷ் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு ரகுநாதர் தங்க ஏட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் டென்மார்க்கில் இருக்கிறது. ஊரைக் கொடுத்தாலும் உரிமையை விடவில்லை; டேனிஷ்காரர்கள் ஆண்டுதோறும் தஞ்சாவூருக்குத் திறை கட்டினார்கள்.

இரண்டாவது முடிவில் அந்தத் தெளிவு இல்லை. 1738-இல் அரியணையை இழந்திருந்த தஞ்சாவூர் மராட்டிய மன்னர் சாகுஜி, உதவி செய்தால் காரைக்காலைத் தருவதாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் சொன்னார். அரியணை கிடைத்ததும் பேச்சை மாற்றினார். ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களுக்காகக் குறுக்கே வர, 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக் கைக்குப் போய்விட்டது. பிரெஞ்சு ஆட்சி அங்கே 1954-இல்தான் முடிந்தது. பிறகு புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் சேர்ந்ததால் அதற்குத் தனிக் கலால் வரி. நண்டலாறு சோதனைச் சாவடியில் போலீஸ் இன்று வண்டியை நிறுத்திப் பாட்டில் தேடுவதற்கு வேர், அரியணைக்காக ஒரு மன்னர் பேசிய அந்தப் பேரத்தில் இருக்கிறது.

குடியைப் பழிப்பது என் எண்ணம் இல்லை. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்துவதைப் புறநானூறு பாடுகிறது. மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டு மண்ணில் கிடைத்தன. இந்தக் கரைக்கு மது புதிதல்ல. ஆனால் தரங்கம்பாடியை வழியில் வருகிற ஒரு நிறுத்தமாக்கிவிட்டால் இழப்பு நமக்குத்தான்.

1706 ஜூலையில் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு இங்கே இறங்கினார். தமிழ் கற்றார், அச்சுக்கூடம் அமைத்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. அச்சுக்குக் காகிதம் போதாமல் ஆலை வைத்த இடம் பொறையாறு பக்கத்தில் இன்றும் கடுதாசிப்பட்டறைதான். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவருடைய கல்லறையும் இருக்கிறது. சற்றுத் தள்ளி, குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கோட்டையைப் படம் எடுக்கிற பலர் அந்தக் கோயில் பக்கம் நடப்பதே இல்லை.

வழியையும் பாருங்கள். குறுவை அறுவடை நேரத்தில் சாலையோரம் நெல் காய்கிறது. கொள்முதல் நிலைய வாசலில் மூட்டைகள் மழைக்குப் பயந்து காத்திருக்கின்றன. காருக்கு வழி இல்லை என்று ஹாரன் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இந்த நெல்லும் இந்த நாட்டு நெசவும் இல்லையென்றால் எந்தக் கப்பலும் இந்தக் கரையில் இத்தனை காலம் நங்கூரம் போட்டிருக்காது. கடைசியில் 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றார்கள். வணிகம் நாகப்பட்டினம் பக்கம் போக, ஊர் அடங்கிப்போனது.

1926-இல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது. 1986-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாதையை மறுபடி போட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பது நியாயம். ரயில் இருந்தால் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வந்து ஒரு இரவு தங்கிப் பார்க்கலாம். காரைக்காலில் குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்கிறவர்களும் குறைவார்கள். ரயில்வே அமைச்சகம் இந்தக் கோரிக்கையை இனியும் தள்ளிப்போடக் கூடாது.